வலவர்க்கு ஒரு முறை, பரதவர்க்கு ஒரு முறையா?

செஞ்சிக் கோட்டை நிற்கும் விழுப்புரம் மாவட்டத்திற்கு மரக்காணத்தில் கடலும் உண்டு. கடலில் மறைந்தார் துயர் நமக்கு அயலன்று.

2015 சூன் 8 இரவு, சென்னையினின்று சுற்றுக்காவலுக்குப் பறந்த கடலோரக் காவற்படை வானூர்தி மூவரோடு மறைந்தது. கடற்படை வானூர்திகள் மேலிருந்து தேடின. கப்பல்கள் நீரைத் துழாவின. 'சிந்துத்துவச்' நீர்மூழ்கி ஒலிக்குறியைக் கேட்டது. முப்பது நாள்களுக்கு மேல் ஓயாது தேடி, ஏறத்தாழ 1000 மீட்டர் ஆழத்தினின்று சிதைவுகளை மீட்டனர். இதனைக் குறை கூறோம். வலவனைத் தேடுவது அரசின் கடன். ('பைலட்' என்றே உரைத்துப் பழகியோர், வானவூர்தியும் வலவனும் புறநானூற்றிலேயே உளர் என்று அறிக!)

ஆனால், 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக்கடலைப் புரட்டியபோது நடந்ததென்ன? வானூர்திகள் அங்கும் பறந்தன. ஆயினும், 'விரைந்து தேடுக, ஆழ்கடலுக்குள் சென்று தேடுக' என வேண்டி, திசம்பர் 7 அன்று பெண்டிரும் முதியோரும் குழித்துறைத் தொடர்வண்டி நிலையத்தில் அமர நேர்ந்ததே! வானூர்தியில் ஒலிக்குறிக் கருவி இருந்தது. அன்று ஆழ்கடல் சென்ற படகுகள் பலவற்றிலோ கரையோடு பேசும் கருவியும் இல்லை. எப்படகு எத்திசையில் வலைவிரிக்கும் என்பதைப் பரதவரே அறிவர். தேடும் வானூர்தியில் அவருள் ஒருவரையும் ஏற்றுக. முதல் நாளே ஏற்றுக.