ஃபோர்த் பாலத்தின் கணக்கு

ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகருக்கு மேற்கே, ஃபோர்த் நதியின் அகன்ற கழிமுகத்தின்மீது நிற்கும் ரெயில் பாலம் விக்டோரியா ராணியின் காலத்துப் பெருஞ்சாதனைகளில் ஒன்று என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். 1890-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 4-ந் தேதி வேல்ஸ் இளவரசர் அதைத் திறந்துவைத்தார். அதன் நீளம் 8,094 அடி. பிரதான கண்கள் இரண்டும் ஒவ்வொன்று 1,710 அடி. செலவான எஃகு 50,000 டன்னுக்கு மேல்.

இப்பாலத்தின் உறுதிக்கு ஒரு பெருவிபத்தே காரணம். 1879-ஆம் வருஷம் டிசம்பர் 28-ந் தேதி இரவு, அதே நாட்டின் டே நதிப் பாலம் புயலில் முறிந்து, அதன்மேல் சென்ற ரெயில் நீரில் வீழ்ந்தது. வண்டியிலிருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. உடனே விசாரணை நடந்தது. பாலத்தை அமைத்த ஸர் தாமஸ் பௌச் பிரதான பொறுப்பாளி என்று தீர்மானிக்கப்பட்டது. ஃபோர்த்துக்கு அவர் வகுத்திருந்த தொங்குபாலத் திட்டமும் கைவிடப்பட்டது. பின்னர் ஜான் ஃபௌலரும் பெஞ்சமின் பேக்கரும் காண்டிலீவர் முறையைக் கைக்கொண்டனர். மூன்று எஃகுக் கோபுரங்கள் இருபுறமும் கைகளை நீட்டி நிற்க, எதிரெதிர்க் கைகளின் நுனிகள் நடுவிலுள்ள உத்தரங்களைத் தாங்குகின்றன. சதுர அடிக்கு 56 ராத்தல் வீதம் காற்று மோதினும் தாங்கும்படி அதை வகுத்தார்கள். பிரயாணிகளின் மரணத்துக்குக் கேள்வி பிறந்தது; ஆகையால் பாலம் பலப்பட்டது.

பாலத்தைக் கட்டிய தொழிலாளரின் மரணத்துக்கு அத்தகைய கேள்வி பிறந்ததா? வேலை மும்முரமாக நடந்த சமயத்தில் சுமார் 4,600 பேர் அங்கே உழைத்தனர். வேலை முடிந்ததும் எஞ்சினீயர்களுக்கும் காண்டிராக்டர் வில்லியம் ஆரலுக்கும் பட்டங்கள் கிடைத்தன. மாண்ட தொழிலாளர் 57 பேர் என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. நூறு வருஷங்களுக்குப் பின்னர், உள்ளூர்ச் சரித்திர ஆராய்ச்சியாளர்கள் பழைய பதிவுகளைத் துருவிப் பார்த்தபோது அத்தொகை 73 என்று வெளியாயிற்று. அவர்களுக்கு நினைவுச் சின்னம் ஏற்பட்டது 2012-ஆம் வருஷத்திலேதான். எஃகை அங்குலம் பிசகாமல் அளந்தவர்கள், மனிதரைக் கணக்கிடுகையில் 16 பேரை விட்டுவிட்டார்கள்!

இஃது ஒரு தேசத்துக்கு மட்டும் உரிய குற்றமன்று. எங்கே அணையோ பாலமோ எழும்பினாலும், திறப்புவிழாவில் டன்னும் அடியும் முழங்குகின்றன. சாரத்திலிருந்து விழுந்தவன் பெயர் கேட்பதில்லை. எண்ணப்படாத சாவுக்கு விசாரணையில்லை. விசாரணையில்லாத இடத்தில் சாரம் பலப்படுவதுமில்லை. ஆகவே, பெருவேலை எதுவாயினும் அது முடியும் நாளிலேயே, அதில் உயிர்நீத்தோரின் பெயரும் மரணத்தின் காரணமும் பகிரங்கமாக வெளியிடப்படவேண்டுமென்று ஜனங்கள் வற்புறுத்திக் கேட்பார்களாக.