அன்றாடம் வரும் பூனை

அச்சு நாளிதழ்களின் பக்கங்கள் குறையும்போது முதலில் கத்திரி விழுவது படக்கதைகளின் மீதுதான். அமெரிக்காவின் லீ என்டர்பிரைசஸ் நிறுவனம் 2022-இல் தன் நாளிதழ்களில் அவற்றுக்கான இடத்தைச் சுருக்கியது. ஓவியர்கள் பலர் வாசகர்களை இழந்தனர். இத்தகைய சூழலிலும் ஜிம் டேவிஸ் படைத்த கார்ஃபீல்டு என்னும் சோம்பேறிப் பூனை நாள்தோறும் வெளிவந்துகொண்டிருக்கிறது. 1978 ஜூன் 19 அன்று 41 நாளிதழ்களில் தொடங்கிய தொடர் அது. 2002-இல், உலகில் மிக அதிக நாளிதழ்களில் வெளியாகும் படக்கதை என்று கின்னஸ் அதனை அங்கீகரித்தது.

அந்தப் பூனை செய்வது என்ன? உண்கிறது, உறங்குகிறது, திங்கட்கிழமையை வெறுக்கிறது. உடன் வாழும் ஓடி என்ற நாயை மேசையிலிருந்து உதைத்துத் தள்ளுகிறது. அரை நூற்றாண்டை நெருங்கியும் புதிதாக ஒன்றுமில்லை. அரசியலைத் தொடாததால் எவரையும் புண்படுத்தாமல் நிலைத்துவிட்டது என்பது வழக்கமான விளக்கம். அது முழு விளக்கமாகாது. யாரையும் புண்படுத்தாத தொடர்கள் எத்தனையோ சுவடின்றி மறைந்துள்ளன. தொடக்க காலத்தில் சிகாகோ சன் டைம்ஸ் இத்தொடரை நிறுத்தியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாசகர்கள் கொதித்தெழ, அது மீண்டும் இடம்பெற்றது. நகைச்சுவை குறைந்துவிட்டதற்காக வந்த கோபம் அன்று அது. காலையில் வழக்கமாகக் கண்ணில் படும் ஓர் உயிர் காணாமற்போனதற்காக எழுந்தது.

இதனைப் புதுச்சேரி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று நடைப்பயிற்சியின்போது சரிந்து உயிரிழந்தாள். கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவள் செய்ததெல்லாம் கோயில் வாசலில் நின்று, துதிக்கையைத் தலையில் வைத்து ஆசி வழங்கியதே. ஆனாலும் இறுதி ஊர்வலத்தில் ஊரே திரண்டது. அவளிடம் புதுமை எதையும் எவரும் எதிர்பார்க்கவில்லை. நாளையும் அங்கே நிற்பாள் என்று மட்டுமே எதிர்பார்த்தனர்.

காகிதத்தில் வாழும் விலங்குக்கும் இதே துயரம் உண்டு. கனடாவின் லின் ஜான்ஸ்டன் தன் குடும்பத் தொடரில் வரும் பாத்திரங்களை நிஜ மனிதர்களைப் போலவே முதுமையடையச் செய்தார். அதில் வரும் ஃபார்லி என்ற நாய் 1995-இல், ஆற்றில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றிவிட்டு இறந்தது. வாசகர்களின் கடிதங்கள் குவிந்தன. அவற்றில் கண்ணீருடன் கோபமும் இருந்தது. கார்ஃபீல்டுக்கு டேவிஸ் முதுமை தராததில் வணிகக் கணக்கு இருக்கலாம். எனினும் வாசகர் மனத்தை அறிந்த கணக்கு அது.

தமிழ் இதழியலுக்கும் இந்தப் பழக்கத்தின் வலிமை தெரியாததன்று. தினத்தந்தியில் 1960-இல் தொடங்கிய கன்னித்தீவு, தலைமுறைகளைக் கடந்து நீடிக்கிறது. சிந்துபாத் எப்போது கரைசேர்வான் என்று கேலி பேசியவர்களும் மறுநாள் அந்த இடத்தைத் தேடிப் பார்த்தவர்களே. ஆயினும் நம் திண்ணைப் பூனையையோ தெருநாயையோ நாயகனாகக் கொண்டு, அந்த அளவுக்கு வேரூன்றிய தினசரித் தொடர் ஒன்று நம்மிடம் உருவாகவில்லை. தெருநாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11 அன்று ஓர் ஆணை பிறப்பித்து, 22-ஆம் தேதி அதனைத் திருத்தியது. நாடே இரு அணிகளாய் நின்று வாதிட்ட அந்நாள்களில், நாய் நமக்குச் செய்தியாக மட்டுமே இருந்தது.

இந்தக் குறை புதுச்சேரியில் கூடுதலாக உறுத்துகிறது. தமிழில் அரசியல் கருத்துப்படத்துக்கு முன்னோடியாக விளங்கிய பாரதியின் 'இந்தியா' வார இதழ், 1908 முதல் 1910 வரை இங்கிருந்துதான் வெளிவந்தது. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் ஓவியர்களை உருவாக்கிவருகிறது. ஓவியருக்குப் பஞ்சமில்லை, ஒரே இடத்தை, ஒரே அளவில், ஆண்டுக்கணக்கில் விட்டுக்கொடுக்கும் ஆசிரியர்தான் அரிது. முதல் ஆறு மாதங்களில் இத்தகைய தொடரை யாரும் பாராட்டமாட்டார்கள். வாரம் ஒருமுறை சிறுவர் இணைப்பில் வெளியிட்டாலும் பயனில்லை, பழக்கம் படியாது. இணையத்திலோ, வாசகர் தேடிச் சென்று திறந்தால்தான் படக்கதை கண்ணில் படும். அச்சிலோ, அணைக்கட்டின் நீர்மட்டத்துக்கும் இரங்கல் அறிவிப்புக்கும் நடுவே, தேடாமலே அது வந்து உட்கார்ந்திருக்கும். அந்த இடத்தைத்தான் விளம்பரத்துக்கு முதலில் விற்றுக்கொண்டிருக்கிறோம்.