கடை சொல்லும் சைஸ்

ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் பெண்ணிடம் தையல்காரர் எத்தனை அளவுகள் எடுக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். உயரம், தோள், மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, கை நீளம், கைச் சுற்று, முன்கழுத்து, பின்கழுத்து. அதுவும் போதாதென்று அளவு ஜாக்கெட் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்கிறார். டாட் எங்கே விழ வேண்டும், கிராஸ் கட்டா, பிரின்சஸ் கட்டா என்று விசாரிக்கிறார். உள்ளே இரண்டு தையல் விட்டுத் தைக்கச் சொல்லி நாமும் வற்புறுத்துகிறோம். உடம்பு மாறும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்த விஷயம். அதே பெண் அந்த ஜாக்கெட்டுக்குள் போடும் பிராவை வாங்கப் போனால் கேட்கப்படுவது ஒரே கேள்வி: "என்ன சைஸ்?" பதிலும் ஒரே எண். 36, 38, 40. பெட்டி திறக்கிறது, பில் போடப்படுகிறது, கறுப்புப் பையில் சுற்றிக் கைக்கு வருகிறது.

மார்பு சிறியதாகவோ நடுத்தரமாகவோ இருப்பவர்கள் இந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஒருவாறு காலம் தள்ளிவிடலாம். பெரிய மார்பு உள்ளவர்களால் முடிவதில்லை. ஒவ்வொரு முறையும் ஏமாந்து, கடைசியில் 'நம் உடம்பு வாகு அப்படி' என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். உடம்பின் மேல் பழி போடும் அந்த முடிவு தவறு. கடையின் அலமாரிக்கும் உற்பத்தியாளரின் வசதிக்கும் ஏற்றபடி போட்ட ஒரு கணக்கு, பெண்ணின் அளவு என்ற பெயரில் அவள் தலையில் கட்டப்படுகிறது.

பிராவின் அளவில் இரண்டு பகுதிகள் உண்டு. எண், மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றி வரும் அடிப்பட்டையைக் குறிக்கிறது. எழுத்து, கப்பைக் குறிக்கிறது. இந்த எழுத்துகள் அமெரிக்காவில் 1930களில் வந்தவை. எஸ்.எச். கேம்ப் என்ற நிறுவனம் 1932-ல் மார்பின் பருமனை ஏ முதல் டி வரை எழுத்துகளால் பிரித்தது. சில ஆண்டுகளில் வார்னர் நிறுவனம் அதைப் பிராக்களுக்குப் பரவலாகக் கொண்டுவந்தது. அன்று டி-யோடு எழுத்து முடிந்தது. இன்று பிரிட்டிஷ் அளவுமுறை டி-க்குப் பிறகு டிடி, இ, எஃப், எஃப்எஃப், ஜி என்று நீண்டுகொண்டே போகிறது. நம்மூர்ச் சாதாரணக் கடைகளோ பல இடங்களில் பி-யைத் தாண்டவில்லை. பெட்டியில் எழுத்தே இல்லாமல் வெறும் எண் மட்டும் அச்சிட்ட சரக்கும் தாராளமாக விற்கிறது.

ஓர் உதாரணக் கணக்கு போடலாம். ஒரு பெண்ணுக்கு மார்புக்குக் கீழே இறுக்கிப் பிடித்த டேப் 32 அங்குலம் காட்டுகிறது. மார்பின் நிறைந்த இடத்தில் 39 அங்குலம். வித்தியாசம் 7. ஓர் அங்குலத்துக்கு ஒரு கப் என்று ஏ-யிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் பிரிட்டிஷ் முறையில் அவர் 32 எஃப். இனி, பல கடைகளிலும் பெட்டியின் பின்புற அட்டவணைகளிலும் இன்னும் உயிரோடு இருக்கும் பழைய வழியைப் பாருங்கள். அதில் அடிச்சுற்றோடு 4 அங்குலம் கூட்ட வேண்டும். 32 என்பது 36 ஆகிவிடும். 39-லிருந்து 36 போனால் 3. ஆக, அவர் 36 சி. நன்றாக இழுபடும் எலாஸ்டிக் துணி வராத நாட்களில் இந்த நாலு அங்குலத்துக்கு ஏதேனும் நியாயம் இருந்திருக்கலாம். ஸ்பான்டெக்ஸ் நூல் 1958-ல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் அந்த நாலைப் பிடித்துத் தொங்குவதில் எந்த நியாயமும் இல்லை.

கூட்டிய அந்த நாலு அங்குலத்தால் இரண்டு பக்கமும் நஷ்டம். அடிப்பட்டை நாலு அங்குலம் தளர்ந்துபோகிறது. கப்போ இரண்டு அளவு சிறுத்துவிடுகிறது. கப்பின் எழுத்து தனியாக எதையும் சொல்வதில்லை, எண்ணோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 36 சி-யின் கொள்ளளவும் 34 டி-யின் கொள்ளளவும் 32 டிடி-யின் கொள்ளளவும் ஒன்றே. நம் பெண்ணுக்கு வேண்டியது 32 எஃப். எனவே 36 சி போட்டதும் மேலே வழிகிறது. கடைக்காரர் தயங்காமல் 38 எடுக்கிறார், பிறகு 40. இந்த ஏணியில் ஏறி 40 சி-க்கு வரும்போது கப் சரியாக வந்துவிடும், ஏனென்றால் 40 சி-யும் 32 எஃப்-பும் கொள்ளளவில் சமம். ஆனால் அடிப்பட்டை இப்போது எட்டு அங்குலம் பெரிது. 'நான் 40' என்று அந்தப் பெண் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்.

எட்டு அங்குலத் தளர்ச்சி சின்ன விஷயமில்லை. பிராவில் எடையைத் தாங்க வேண்டியது அடிப்பட்டைதான். தோளில் வரும் ஸ்ட்ராப் கப்பை இடத்தில் நிறுத்தத்தான் இருக்கிறது. அடிப்பட்டை பிடிக்காவிட்டால் அது முதுகில் மேலே ஏறும், முன்பக்கம் கீழே இறங்கும். ஸ்ட்ராப்பை இறுக்குவோம். முழு எடையும் அந்த அரை அங்குல நாடாவில் தொங்கும். தோளில் பள்ளம் விழும், கழுத்தும் மேல்முதுகும் வலிக்கும். சித்திரை வெயிலில் மார்புக்கடியில் தோலும் தோலும் ஒட்டி, வியர்வை தேங்கி, வேர்க்குருவும் படையும் வரும். இதை மருத்துவரிடம் சொல்லக் கூசி, பவுடர் போட்டுச் சமாளிக்கும் பெண்கள் எத்தனையோ பேர். வலி தைலத்துக்குச் செலவழிக்கிறோம், தலையணையை மாற்றுகிறோம். பிராவைச் சந்தேகிப்பதில்லை.

மார்பு எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றி 2003-ல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் ஒருவர்கூடச் சரியான அளவு பிரா அணிந்திருக்கவில்லை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஏழைப் பெண்களுக்கு இலவசமாக மார்பு அறுவை சிகிச்சை செய்வது 2018-ல் பெரிய செய்தியானது. அதைக் கேலி செய்தவர்களும் இருந்தார்கள். தோள்வலி, முதுகுவலியால் தவிக்கும் பெண்ணுக்கு எடைக் குறைப்பு கேலிக்குரியதல்ல. சிலருக்கு அது தேவைதான். ஆனால் அறுவை அரங்குக்கு முன்னால் ஒரு டேப்பும் ஒரு பொருத்தமான பிராவும் வர வேண்டாமா?

பள்ளிப் பெண்களிடம் இந்தப் பிரச்சினை இன்னும் சீக்கிரமாகத் தொடங்குகிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் மார்பக நலத்துக்கென்றே ஓர் ஆய்வுக் குழு இருக்கிறது. 11 முதல் 18 வயது வரையுள்ள இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவிகளிடம் அவர்கள் நடத்திய ஆய்வு 2016-ல் வெளியானது. தங்கள் மார்பு விளையாட்டில் கலந்துகொள்வதை ஏதோ ஒரு வகையில் பாதிக்கிறது என்று 46 சதவீதம் பேர் சொன்னார்கள். நம்மூர் பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்துவிடும் பெண்ணைச் சோம்பேறி என்று திட்டுகிற ஆசிரியர்கள் இந்த ஒரு காரணத்தையும் யோசித்துப் பார்க்கலாம். வளரும் பெண்ணுக்கு அம்மா தன் கணக்கிலேயே ஒரு எண்ணைச் சொல்லி வாங்கித் தருகிறாள். அந்த எண் அம்மாவுக்கே கடையில் கிடைத்தது.

கடை ஏன் இப்படிச் செய்கிறது? கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, இடப் பிரச்சினை. 32 முதல் 40 வரை ஐந்து எண்கள், பி கப் மட்டும் என்றால் ஒரு மாடலுக்கு ஐந்து பெட்டி. அதே ஐந்து எண்களை ஏ முதல் ஜி வரை ஒன்பது கப்புகளில் வைத்தால் நாற்பத்தைந்து. மூன்று நிறம் என்றால் நூற்று முப்பத்தைந்து. ஜவுளிக் கடை முதலாளி எவரும் விற்குமோ விற்காதோ என்ற சரக்கில் இவ்வளவு பணத்தை முடக்கமாட்டார். உற்பத்தியாளருக்கும் இதே சிக்கல்தான். 34 பி போன்ற ஒரு அளவில் மாதிரி வெட்டி, அதையே பெரிதாக்கிக்கொண்டு போவது மலிவு. ஆனால் பெரிய கப்புக்கு அகலமான அடிப்பட்டை, கூடுதல் கொக்கி வரிசை, வேறு மாதிரித் தையல், இழுபடாத உட்துணி என்று புதிய வடிவமே வேண்டும். சின்ன வடிவத்தைப் பெரிதாக்கினால் துணிதான் பெரிதாகிறது, தாங்கும் சக்தி கூடுவதில்லை.

கூடுதல் வேலை என்றால் கூடுதல் விலை நியாயம்தானே என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு லண்டனில் ஒரு நல்ல பதில் கிடைத்தது. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் டிடி-யும் அதற்கு மேலும் உள்ள பிராக்களுக்கு இரண்டு பவுண்டு கூடுதலாக வசூலித்து வந்தது. பெக்கி வில்லியம்ஸ் என்ற இளம்பெண் இதை எதிர்த்து இயக்கம் தொடங்கினார். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். அவர் நிறுவனத்தின் ஒரே ஒரு பங்கை வாங்கி, பங்குதாரராக ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கத் தயாரானார். பெரிய சைஸ் சட்டைக்கு நீங்கள் கூடுதல் விலை கேட்பதில்லையே என்பதுதான் வாதம். கூட்டம் வரை போகவில்லை. 2009 மே மாதத்தில் நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு பத்திரிகைகளில் விளம்பரமே கொடுத்து, கூடுதல் கட்டணத்தைக் கைவிட்டது.

நம் நாட்டில் அந்தக் கட்டணத்தைச் சில ஆண்டுகள் அரசே வசூலித்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை. ஜிஎஸ்டி வந்ததிலிருந்து 2025 செப்டம்பர் வரை, ஆயிரம் ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 சதவீத வரி, அதைத் தாண்டினால் 12. சாதாரண அளவு பிரா சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். நல்ல தாங்குதிறனோடு டிடி-க்கு மேல் தேடினால் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். ஒரே பொருள், ஒரே தேவை, மார்பு பெரிதாக இருப்பவர் இரண்டு மடங்குக்கும் மேலான விகிதத்தில் வரி கட்டினார். இப்போது 5 சதவீத எல்லை 2,500 ரூபாய்க்கு உயர்ந்திருப்பதால் அநேகமாக இந்த அநியாயம் தீர்ந்துவிட்டது. தீர்த்தவர்கள் இதை மனதில் வைத்துத் தீர்த்ததாகத் தெரியவில்லை.

திறமைக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. இலங்கையில் 1987-ல் தொடங்கிய மாஸ் ஹோல்டிங்ஸ், விக்டோரியாஸ் சீக்ரெட் போன்ற பெயர்களுக்குப் பிரா தைத்துக் கொடுத்தே வளர்ந்தது. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சருக்காகத் துல்ஹிரியாவில் 2008-ல் பசுமைத் தொழிற்சாலையே திறந்தது. பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் திருப்பூர் பின்னலாடையில் உலகுக்கே உடுப்பு தருகிறது. உள்ளூர்ச் சந்தை என்றால் மட்டும் இந்தத் திறமையெல்லாம் பி கப்போடு நின்றுவிடுகிறது. வாங்குவோர் இல்லை என்ற சமாதானத்தை நான் ஏற்கமாட்டேன். 1995-ல் இங்கிலாந்தில் சாரா ட்ரெமெலன் கர்ப்ப காலத்தில் தனக்கேற்ற பிரா கிடைக்காத கடுப்பில், டி கப்பும் அதற்கு மேலும் மட்டுமே விற்கும் பிராவிசிமோவைத் தபால் வழி வணிகமாக வீட்டிலிருந்தே தொடங்கினார். இன்று அது பல நகரங்களில் கடைகள் வைத்திருக்கிறது. வாங்குவோர் எப்போதும் இருந்தார்கள், கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் இல்லை.

இங்கே கேட்பதற்கே வாய் எழுவதில்லை. கவுன்டரில் ஆண் நிற்கிறார், பக்கத்தில் இன்னொரு குடும்பம் துண்டு வாங்குகிறது. போட்டுப் பார்க்க அறை இல்லை; வாங்கியதை மாற்றிக் கொடுப்பதும் இல்லை. போட்டுப் பார்க்கவும் கூடாது, திருப்பித் தரவும் கூடாது என்றால் அந்தப் பொருளை வேறு எப்படித்தான் வாங்குவது? 2011-ல் பெங்களூரில் தொடங்கிய ஜிவாமே போன்ற இணையக் கடைகள் வந்து கவுன்டர் கூச்சத்தைத் தீர்த்தன, கப் வகைகளையும் கூட்டின. ஆனால் தவறான எண்ணோடு இணையத்துக்குப் போகிறவருக்குத் தவறான பிராதான் வீடு தேடி வரும்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்களல்ல. பெரிய ஜவுளிக் கடைகளின் உள்ளாடைப் பிரிவில் நாள் முழுக்க நிற்கும் பெண் ஊழியர்களுக்கு அளவெடுக்கப் பயிற்சி கொடுக்கலாம், அந்தத் தளத்தில் ஒரு சிறு அறை ஒதுக்கலாம். தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட், இந்தியர்களின் உடலளவைக் கண்டறிய 25,000 பேரை முப்பரிமாணக் கருவியால் அளக்கும் திட்டத்தை எடுத்தது. அந்தத் தரவிலிருந்து பெண்களின் அடிச்சுற்று, மார்புச் சுற்று இரண்டையும் சேர்த்து உள்ளாடைக்கென்று ஓர் அளவு அட்டவணை வர வேண்டும். கப் எழுத்து இல்லாத பெட்டியை விற்கக் கூடாது என்று ஒரு விதி வந்தால் இன்னும் நல்லது.

அதுவரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் தையல் டேப் இருக்கும். மார்புக்குக் கீழே இறுக்கிப் பிடித்து ஓர் அளவு, சற்றே முன்குனிந்து மார்பின் நிறைந்த இடத்தில் தளர்வாக இன்னோர் அளவு. முதல் அளவோடு எதையும் கூட்டாதீர்கள். ஒற்றைப்படை எண் வந்தால் அதற்கு மேலும் கீழுமுள்ள இரட்டை எண்கள் இரண்டையும் போட்டுப் பாருங்கள். புதுப் பிராவைக் கடைசிக் கொக்கியில், அதாவது அதிகம் தளர்ந்த வரிசையில் மாட்டியபோதே அது முதுகில் தரைக்கு இணையாக நிற்க வேண்டும். எலாஸ்டிக் தளரத் தளர உள்வரிசைக்குப் போகலாம். இரண்டு கப்புக்கும் நடுவிலுள்ள துண்டு நெஞ்செலும்பில் படிய வேண்டும். கையை உயர்த்தினால் கீழ்விளிம்பு நகரக் கூடாது. ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டாலும் அடிப்பட்டை கீழே இறங்காமல் இருந்தால் அதுதான் சரியான பிடி. பிரசவம், தாய்ப்பால், நாற்பதைத் தாண்டிய பருவம் என்று உடம்பு மாறும்போதெல்லாம் மறுபடி அளந்துகொள்ளுங்கள். பிரா மாறினால் ஜாக்கெட்டின் டாட்டும் இடம் மாறும், தையல்காரரிடம் புது அளவு கொடுத்துவிடுங்கள்.

கடைக்காரர்களிடம் கேட்பது இவ்வளவுதான். 32 எஃப் உங்களிடம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். 40-ஐ எடுத்து நீட்டி, இதுதான் உங்கள் சைஸ் என்று சொல்லாதீர்கள்.