கரி படிந்த கைகளும் கல்வியும்

(இளமறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவி)

பெரிய கருவிகள் நின்றுபோவதற்குப் பெரிய காரணங்கள் வேண்டியதில்லை. விரல் நகத்தளவே உள்ள ஒரு கரித்துண்டு தேய்ந்து போனால் போதும். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கருவி அசைவற்றுக் கிடக்கும். நாமோ தேய்ந்த கரித்துண்டை மாற்றுவதை விட்டுவிட்டுக் கருவியையே தூக்கி எறியப் பழகி வருகிறோம். இந்தப் பழக்கம் சரிதானா? அறிவியல் பயிலும் நாம் இதைக் கண்டும் வாளாவிருக்கலாமா? இவ்விரு வினாக்களையும் நம் கல்லூரி மலரின் வாயிலாக மாணவ நண்பர்கள் முன்பும், ஆசிரியப் பெருமக்கள் முன்பும் வைக்க விரும்புகிறேன்.

தூரிகை என்பது யாது?

மின்மோட்டாரைப் பற்றிப் பள்ளியில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். காந்தப்புலம், அதனுள் சுழலும் கம்பிச்சுருள், பிளவு வளையம், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு கரித் தூரிகைகள். படம் வரைந்து பாகங்களைக் குறித்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அந்தத் தூரிகையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். இத்தனைக்கும் அது அரும்பொருள் அன்று. நம் வீட்டு மிக்சிக்குள் இரண்டு இருக்கின்றன. தச்சரும் எலக்ட்ரீஷியனும் கையில் பிடித்திருக்கும் டிரில்லுக்குள் இரண்டு இருக்கின்றன. கடைத்தெருவில் 'கார்பன்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். நாம் 'தூரிகை' என்று படித்ததும், அவர்கள் 'கார்பன்' என்று விற்பதும் ஒன்றே என்று அறியாமலேயே பட்டம் வாங்கிவிடலாம்!

சுழலுகின்ற சுருளுக்கு, நிலையாக நிற்கும் கம்பியிலிருந்து மின்னோட்டம் போய்ச் சேர வேண்டும். கம்பியை நேரடியாகக் கட்டினால் முறுக்கிக்கொள்ளும். ஆகவே தொட்டுக்கொண்டும் இருக்க வேண்டும், வழுக்கிக்கொண்டும் இருக்க வேண்டும். இந்த இக்கட்டு மோட்டாரோடு கூடவே பிறந்தது. 1821-இல் மைக்கேல் பாரடே ஒரு கம்பியை மின்னோட்டத்தால் முதன்முதலாகச் சுழல வைத்தபோது, கம்பியின் நுனியைப் பாதரசக் கிண்ணத்தில் தோய்த்து இதற்கு வழி கண்டார். பின்னர் வந்தவர்கள் செப்புக் கம்பிகளைக் கற்றையாகக் கட்டி வளையத்தின் மேல் உரசச் செய்தார்கள். பார்வைக்குத் துடைப்பம் போல இருந்ததால் அதற்குத் 'தூரிகை' என்ற பெயர் வந்தது. செம்பும் செம்பும் உரசினால் தீப்பொறி பறக்கும். வளையம் விரைவில் தேயும். 1885-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஜார்ஜ் போர்ப்ஸ் என்ற பேராசிரியர் செம்புக்குப் பதிலாகக் கரியைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். உருவம் மாறியது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

கரி ஏன் சிறந்தது? கிராபைட் தன்னைத்தானே மசகிட்டுக் கொள்ளும் இயல்புடையது. செம்பைவிட மென்மையானது, ஆதலால் விலையுயர்ந்த வளையம் தேயாமல், விலை குறைந்த தான் தேய்ந்து கொடுக்கிறது. அதன் மின்தடை சற்று மிகுதி. தூரிகை ஒரே நேரத்தில் அடுத்தடுத்த இரண்டு செப்புத் துண்டுகளைத் தொடும் கணத்தில், இடையிலுள்ள சுருளில் ஓடக்கூடிய குறுக்குச்சுற்று மின்னோட்டத்தை அந்தத் தடை அடக்கி வைக்கிறது, பொறி குறைகிறது. தேய்வதற்கென்றே படைக்கப்பட்ட பொருள் அது. தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பதே அதன் இலக்கணம். விளக்கின் திரி எரிந்து தீர்ந்ததற்காக விளக்கை யாராவது எறிவார்களா?

எங்கள் வீட்டில் நடந்தது

என் தந்தையார் வீடுகளுக்குச் சன்னல் கொசுவலை அடிப்பவர்; திரைச்சீலைக் கம்பி பொருத்துபவர். புதிதாகக் கட்டிய வீடுகளில்தான் வேலை மிகுதி. அங்கே பல நேரம் மின் இணைப்பே வந்திராது. ஆதலால் பேட்டரி டிரில் இல்லாமல் அவருக்கு ஒரு நாளும் ஓடாது. நான்கு ஆண்டுகளாக உழைத்த அந்தக் கருவி சென்ற ஆண்டு தொல்லை கொடுக்கத் தொடங்கியது. விசையை அழுத்தினால் ஓடாது, தட்டினால் ஓடும். காற்றுத் துளைகளின் வழியே நீல நிறப் பொறி தெரிந்தது. கருகிய வாடை வந்தது. ஒரு நாள் அடியோடு நின்றுவிட்டது.

வாங்கிய கடையில், "மோட்டார் போயிருச்சுங்க. இதுக்கெல்லாம் பார்ட்ஸ் வராது. புதுசு வாங்கிக்கங்க" என்றார்கள். கருவியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. புதியது ஏறக்குறைய ஐயாயிரம் ரூபாய். அது எனக்கும் தம்பிக்கும் கல்லூரிக் கட்டணம், பேருந்துச் செலவு, புத்தகம் எல்லாமாகச் சேர்ந்த தொகை. அப்பா நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை.

எங்கள் தெருமுனையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டு போனோம். பேட்டரியைக் கழற்றி வைத்தார். கைப்பிடியைச் சுற்றியுள்ள திருகாணிகளைக் கழற்றி ஓட்டை இரண்டாகப் பிரித்தார். வயர்கள் எந்த இடத்தில் எப்படிப் படிந்திருக்கின்றன என்பதை மனத்தில் வாங்கிக்கொண்ட பிறகே மோட்டாரை வெளியே எடுத்தார். தூரிகைக் கூட்டின் சுருள்வில்லை விலக்கிக் கரித்துண்டை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். "பாரும்மா, மோட்டார் சாகல. கார்பன்தான் தீந்து போச்சு" என்றார். பருப்பளவுதான் மிச்சம். வில் அதை வளையத்தின் மேல் அழுத்த முடியாத அளவுக்குக் குறுகிவிட்டது. தட்டினால் ஓடியதற்கும், பொறி பறந்ததற்கும் காரணம் அந்தத் தளர்ந்த தொடுகைதான்.

ஒரு ஜோடி புதிய கரி அறுபது ரூபாய். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்றார். இல்லாவிட்டால் அழுத்தம் ஒரு பக்கம் கூடி மறு பக்கம் குறையும். கூட்டுக்குள் கரி தடையின்றி முன்னும் பின்னும் நழுவுகிறதா என்று பார்த்தார். படிந்திருந்த கரித்தூளை, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்தார். கருத்துப் போயிருந்த செப்பு வளையத்தை மிக நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தார். எமெரித்தாளைத் தொடவில்லை, அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தக்கூடும், செப்புத் துண்டுகளின் இடைவெளியில் சிக்கினால் கேடு. எல்லாவற்றையும் பூட்டிய பின், பளு ஏதுமின்றிச் சில நிமிடம் ஓடவிட்டார். புதுக் கரியின் தட்டையான முனை, வளையத்தின் வளைவுக்கு ஏற்பக் குழிந்து படிவதற்காக.

டார்ச் செல்லின் கரிக்கம்பியைச் சீவிப் போட்டால் ஆகாதா என்று கேட்டேன். சிரித்தார். "அது மிக்சிக்கே தாங்காது. இதுல செம்புத்தூள் கலந்திருக்கும்" என்றார். வகுப்பில் நான் படித்த ஓம் விதி அப்போதுதான் என் முன் உயிரோடு வந்து நின்றது. பேட்டரி டிரில்லில் மின்னழுத்தமோ பன்னிரண்டு, பதினெட்டு வோல்ட், மின்னோட்டமோ மிகுதி. தொடுகையில் ஓரிரு வோல்ட் வீணானாலும் வலிமை போய்விடும், சூடு ஏறிவிடும். ஆகவேதான் தடையைக் குறைக்கச் செம்பு கலக்கிறார்கள். பள்ளிப் படிப்பு மட்டுமே உள்ள அந்தப் பெரியவர் இதைச் சூத்திரமின்றி அறிந்திருந்தார். நான் சூத்திரத்தை அறிந்திருந்தேன். இரண்டும் ஒரே மேசையில் சந்திக்க வேண்டாமா?

எறிவதை நியாயப்படுத்துவோர்

"இப்போது வருகின்ற கருவிகளில் தூரிகையே இல்லையே, பழைய கதை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். தூரிகையற்ற மோட்டார்களில் காந்தம் சுழல்கிறது, சுருள் நிலையாக நிற்கிறது; எந்தச் சுருளுக்கு எப்போது மின்னோட்டம் என்பதை மின்னணுச் சுற்று முடிவு செய்கிறது. உராய்வு குறைவு, பேட்டரி நீடித்து வரும். அது நல்ல முன்னேற்றம், நான் மறுக்கவில்லை. ஆனால் விலை கூடுதல். அன்றாடம் காய்ச்சிகளின் கையில் இன்றும் தூரிகை மோட்டார்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மேலும், அந்த மின்னணுப் பலகை பழுதானால் அறுபது ரூபாயில் முடியாது. ஆகவே பழுது பார்க்கும் கேள்வி அங்கே இன்னும் பெரிதாகிறதே அன்றி, ஒழிந்து போகவில்லை.

"மாற்ற முடியாதபடி செய்துவிடுகிறார்களே, என்ன செய்வது?" என்பது அடுத்த கேள்வி. இதிலும் உண்மை உண்டு. சில கருவிகளில் வெளியிலிருந்தே ஒரு மூடியைத் திருகிக் கரியை மாற்றிவிடலாம். சிலவற்றில் ஓட்டைப் பிரிக்க வேண்டும். இன்னும் சிலவற்றில் மோட்டாரின் தகர உறையையே மடக்கி அடைத்திருப்பார்கள். அதைத் திறந்தால் மறுபடி மூடுவது கடினம். ஒரு மூடி வைப்பதற்கு எத்தனை காசு கூடும்? அந்தக் காசை மிச்சம் பிடிப்பதற்காக ஏழைத் தொழிலாளி முழுக் கருவியின் விலையைக் கொடுக்க வேண்டுமா?

இது நம் ஒருவர் வீட்டுப் புலம்பல் அன்று. நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் 'பழுது பார்க்கும் உரிமை' குறித்து ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்ற நான்கு துறைகளை அது எடுத்துக்கொண்டது. பிரான்சு நாட்டில் 2021 முதல் சில பொருள்களின் மேல், அவற்றை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்ற மதிப்பெண்ணை அச்சிட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பழுது பார்த்தலை ஊக்குவிக்கும் ஆணையை நிறைவேற்றியது. நம் நாட்டின் 2022-ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளின் பட்டியலில் டிரில்லும் சேர்க்கப்பட்டிருக்கிறது. கழிவான பின் அதை எங்கே கொண்டு சேர்ப்பது என்று விதி வந்துவிட்டது; நல்லது. கழிவாகாமல் காப்பதற்கு வழி செய்வது அதனினும் நல்லதன்றோ?

படித்தவர் கையில் கரி எதற்கு?

நண்பர்களே! இதுவரை சொன்னவை எல்லாம் வெளியே உள்ள தடைகள். நம் உள்ளேயே ஒரு தடை இருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

அடுத்த முறை கரி தேய்ந்தால் நானே மாற்றித் தருகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "நீ எதுக்கும்மா? படிக்கிற புள்ள கையில கரி எதுக்கு?" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவர் சொல்லில் இருந்தது அன்பு. தாம் பட்ட பாடு மகள் படக்கூடாது என்ற அன்பு. ஆனால் அந்த அன்புக்குள்ளே, கையால் செய்யும் வேலை தாழ்ந்தது, புத்தகம் படிப்பது உயர்ந்தது என்று காலங்காலமாக நம் சமுதாயம் அவருக்குக் கற்பித்த பாடமும் ஒளிந்திருக்கிறது. என்னைப் படிக்க வைத்த கைகளையே இழிவென்று எண்ணச் சொல்லும் கல்வி எனக்கு எதற்கு?

பாரடே ஒரு கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். கையைக் கழுவிக்கொண்டு அவர் அறிவியலுக்குள் நுழையவில்லை; அந்தக் கைகளோடுதான் நுழைந்தார். 1937-இல் கோவையில் ஜி.டி. நாயுடு அவர்களும் பாலசுந்தரம் நாயுடு அவர்களும் நம் நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். ஜி.டி. நாயுடு கல்லூரிக் கல்வி பெற்றவர் அல்லர். மோட்டாரைப் பிரித்துப் பூட்டிய கைகளே அந்த அறிவைத் தந்தன.

கல்லூரி செய்யக்கூடியது

விமரிசனம் செய்வது எளிது. வழி சொல்ல வேண்டும் அல்லவா? நம் இயற்பியல் ஆய்வகத்தில் வாரத்தில் ஒரு மாலை மட்டும் ஒரு மேசையை ஒதுக்கலாம். பழுதான டிரில், மிக்சி ஆகியவற்றை வீட்டிலிருந்து மாணவர்கள் கொண்டு வரலாம். திருகாணிச் செட்டும், மல்டிமீட்டரும், நைசான உப்புத்தாளும் போதும். தெருமுனையில் இருக்கும் தொழிலாளர் ஒருவரை மாதம் ஒருமுறை அழைத்து, ஆசிரியர்க்குரிய மரியாதையோடு நாற்காலி போட்டு, அவரைக் கற்பிக்கச் சொல்லலாம். பாடத்திட்டம் ஏற்கெனவே பளுவாக இருக்கிறது என்று ஆசிரியர்கள் கூறுவது நியாயமே. நான் கேட்பது புதுத் தாள் அன்று. இருக்கின்ற பாடத்துக்கே ஒரு சாட்சி. ஆபத்து நேருமே என்ற அச்சமும் நியாயமே. ஆகவே லித்தியம் பேட்டரிப் பொதியைப் பிரிக்கக்கூடாது, பிளக்கைப் பிடுங்காமல் எதையும் திறக்கக்கூடாது என்ற இரு கட்டளைகளை மேசையின் மேல் பெரிதாக எழுதி வைப்போம்.

இதனால் வேலை கிடைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. எல்லோருக்கும் கிடைக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் "மோட்டார் போயிருச்சு" என்று கடையில் சொல்லும்போது, "திறந்து காட்டுங்கள்" என்று கேட்கும் துணிவு நிச்சயம் கிடைக்கும். அந்தத் துணிவில்லாத பட்டம் தேய்ந்த தூரிகையைப் போன்றது. கூட்டுக்குள் இருக்கும், வளையத்தைத் தொடாது. தொடாத இடத்தில் மின்சாரம் பாய்வதில்லை.

நம் கல்வி, நம்மை வளர்த்த வாழ்க்கையைத் தொடட்டும். தொட்டால் கையில் கொஞ்சம் கரி படியத்தான் செய்யும். படியட்டுமே!