செம்மங்குப்பம் கற்பித்த பாடம்

கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் இடையே செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில், 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 8-ஆம் தேதி காலை, பள்ளிக்கூட வேன் ஒன்றின் மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பாசஞ்சர் ரயில் மோதியதையும், மூன்று பிள்ளைகள் மாண்டதையும் கடலூர் ஜில்லாவாசிகள் எவரும் மறந்திருக்க முடியாது. அவர்களுள் இருவர் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். புத்தகப் பையுடன் வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. விபத்து நேர்ந்த சில தினங்களுக்கு அனுதாபச் செய்திகளும் கண்டனங்களும் நிறைந்திருந்தன. பிறகு வழக்கம்போல் பேச்சு அடங்கியது. பேச்சு அடங்கிய பிறகே நிதானமாக யோசிக்க வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன. அவற்றை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

லால்பேட்டைக்கு ரயிலடி கிடையாது. வீராணம் ஏரியை அடுத்துள்ள அவ்வூரார் ரயிலேற வேண்டுமாயின் சிதம்பரத்துக்குத்தான் போகவேண்டும். ஆகவே கேட் விஷயம் நமக்கு எதற்கு என்று லால்பேட்டையும் காட்டுமன்னார்கோயிலும் இருந்துவிடலாமோ? கூடாது. கடலூரிலிருந்து சிதம்பரம் வழியாகக் கொள்ளிடம் வரை செல்லும் இருப்புப் பாதை, உள்நாட்டுக் கிராமங்களையும் கடற்கரைக் கிராமங்களையும் இரண்டாகப் பிரித்து நிற்கிறது. பரங்கிப்பேட்டைக்குப் போகிறவரும், சிப்காட் ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறவரும், பள்ளிக்குப் போகும் குழந்தைகளும் ஏதேனும் ஓரிடத்தில் அதைக் கடந்தே தீரவேண்டும். பாலமோ சுரங்கப் பாதையோ இல்லாத இடத்தில் ரயிலுக்கும் சாலைக்கும் அந்த நாலு கஜ நிலம் பொதுவானது. பொது நிலத்தில் யார் எப்போது போவது என்பதை நிர்ணயிப்பது விதி. அந்த விதி பலமாயிருந்தால் உயிர் பிழைக்கும். பலவீனமாயிருந்தால் என்னவாகும் என்பதைச் செம்மங்குப்பத்தில் பார்த்தோம்.

ஆட்கள் காவல் இருக்கும் கேட்டுகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, சிக்னலோடு பிணைக்கப்பட்ட இன்டர்லாக்கிங் கேட். அங்கே கேட் மூடிப் பூட்டப்பட்டாலன்றி ரயிலுக்குச் சிக்னல் இறங்காது. ரயில் கடக்கும்வரை கேட்டைத் திறக்கவும் முடியாது. கேட் கீப்பர் அயர்ந்து தூங்கிவிட்டாலும் ரயில் சிவப்பு விளக்கின் முன் நிற்குமே தவிர, உயிர்ச்சேதம் நேராது. மனிதனுடைய தவறு தாமதமாக முடியும், மரணமாக முடியாது. இரண்டாவது வகையில் சிக்னலுக்கும் கேட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ரயில் வருகிறது என்று ஸ்டேஷன் மாஸ்டர் தொலைபேசியில் சொல்கிறார். கேட் கீப்பர் கேட்டை மூடிவிட்டு, தம்மிடமுள்ள பட்டியலிலிருந்து பிரைவேட் நம்பர் ஒன்றைச் சொல்கிறார். அதை ஸ்டேஷன் மாஸ்டர் குறித்துக்கொண்டு ரயிலை அனுப்புகிறார். கேட் உண்மையில் மூடப்பட்டதா என்பதை அந்த நம்பர் நிரூபிக்காது. இருவரும் பேசினார்கள் என்பதை மட்டுமே அது நிரூபிக்கும். செம்மங்குப்பம் கேட் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

விபத்து நேர்ந்ததும் நடந்தது என்ன? கேட் மூடப்பட்டுக்கொண்டிருந்த சமயம் வேன் டிரைவர் வற்புறுத்தியதால் வழிவிடப்பட்டது என்று ரயில்வே தரப்பில் முதலில் அறிக்கை வெளியாயிற்று. கேட் திறந்தே கிடந்தது என்று டிரைவரும், பிழைத்த மாணவரும் சொன்னார்கள். பின்னர் முதற்கட்ட விசாரணையில், கேட்டை மூடாமலே நம்பர் கொடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. கேட் கீப்பர் சஸ்பெண்ட் செய்யப்பட்டுக் கைதும் செய்யப்பட்டார். அவர் குற்றவாளியானால் சட்டப்படி தண்டனை பெறட்டும். அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒரு சிப்பந்தியைச் சிறைக்கு அனுப்பியதோடு காரியம் முடிந்தது என்று மேலதிகாரிகள் கையைக் கழுவிக்கொள்வதை ஒப்புக்கொள்ள முடியாது. எத்தனையோ உயிர்களை ஒரே மனிதனுடைய ஞாபகத்தின் மீதும் வாய்ச்சொல்லின் மீதும் நிறுத்தி வைத்த விதி யாருடையது? அதை வகுத்தவர் அந்தக் கேட் கீப்பர் அல்லவே!

விபத்துக்குப் பின் ரயில்வே மந்திரி ஸ்ரீ அசுவினி வைஷ்ணவ் சில உத்தரவுகளைப் பிறப்பித்தார். எல்லாக் கேட்டுகளிலும் காமிரா வைப்பது, கேட் கீப்பர்களுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கும் நடக்கும் பேச்சின் ஒலிப்பதிவுகளைச் சோதிப்பது, 15 தினங்களுக்குப் பாதுகாப்புச் சோதனை நடத்துவது என்பன அவற்றுள் சில. முக்கியமானது இன்டர்லாக்கிங் பற்றியது. அதுவரை 20,000 போக்குவரத்து அலகு உள்ள கேட்டுகளுக்கே இன்டர்லாக்கிங் என்றிருந்த வரம்பு 10,000-ஆகக் குறைக்கப்பட்டது. இது நல்ல திருத்தம்தான். அதை வரவேற்கிறோம். எனினும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த அலகு எப்படிக் கணக்கிடப்படுகிறது? ஒரு நாளில் செல்லும் ரயில்களின் எண்ணிக்கையை, கேட்டைக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். ரயில் 20, வண்டி 500 என்றால் 10,000 அலகு. அந்தக் கேட்டுக்குப் பூட்டு உண்டு. வண்டி 400 என்றால் 8,000 அலகு, பூட்டு இல்லை. மோட்டார் வண்டியும் மாட்டு வண்டியும் ஒவ்வோர் அலகு. ஆட்டோ ரிக்ஷா அரை அலகு. இந்தக் கணக்கில், குழந்தைகள் நிறைந்த பள்ளி வேனும் ஒன்றுதான், காலியாகச் செல்லும் லாரியும் ஒன்றுதான். போக்குவரத்து எத்தனை என்பதை இக்கணக்கு சொல்லும். போகிறவர் யார் என்பதைச் சொல்லாது. செலவை எங்கே முதலில் செய்வது என்று வரிசைப்படுத்த இது உதவலாம். எந்தக் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும், எந்தக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று தீர்மானிப்பதற்கு இது அளவுகோல் ஆகாது. காமிராவும் ஒலிப்பதிவும் அப்படியே. விபத்துக்குப் பின் அவை சாட்சி சொல்லும். திறந்து கிடக்கும் கேட்டை நோக்கி வரும் ரயிலை அவை நிறுத்தமாட்டா.

விதிப் புத்தகத்திலேயே உள்ள ஒரு முரண்பாட்டையும் கவனிக்க வேண்டும். 1976-ஆம் ஆண்டின் பொது விதிகளின்படி, சிக்னல் உள்ள கேட்டில் அந்தச் சிக்னல் பச்சை காட்டாவிட்டால் ரயில் நிற்க வேண்டும். பகலில் ஒரு நிமிஷமும் இரவில் இரண்டு நிமிஷமும் காத்திருந்து, பிறகு ஜாக்கிரதையாகக் கேட்டை நெருங்க வேண்டும். அதாவது, பூட்டுள்ள கேட்டில் சந்தேகம் எழுந்தால் ரயில் நிற்கிறது. பூட்டே இல்லாத கேட்டிலோ, தொலைபேசியில் வந்த ஒரு நம்பரை நம்பி ரயில் முழு வேகத்தில் பாய்கிறது! பாதுகாப்பு குறைவான இடத்தில் அல்லவா எச்சரிக்கை அதிகமாக இருக்க வேண்டும்?

பாதை மாறிவிட்டது, வேகம் மாறிவிட்டது, கேட்டுகளின் விதி மட்டும் பழைய நிலையிலேயே நிற்கிறது. தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் காலத்தில் இது மீட்டர் கேஜ் பாதை. புகை கக்கிக்கொண்டு வந்த வண்டியின் சத்தம் அடுத்த ஊருக்கே கேட்கும். 2010-ல் விழுப்புரம் - மயிலாடுதுறை மார்க்கம் அகலப் பாதையாயிற்று; பின்னர் மின்மயமாக்கப்பட்டது. எஞ்சினுக்கும் தண்டவாளத்துக்கும் மின்கம்பிக்கும் பணம் கிடைத்தபோது கேட்டுகளின் பூட்டுக்கு மட்டும் கிடைக்காமற் போனது ஏன்?

வாய்ச்சொல்லை நம்பும் ஏற்பாட்டின் அபாயம் கேட்டுகளோடு நிற்பதன்று. 2019 மே மாதத்தில் மதுரையை அடுத்த திருமங்கலத்துக்கும் கள்ளிக்குடிக்கும் இடையே ஒரே பாதையில் எதிரெதிராக இரண்டு பாசஞ்சர் ரயில்கள் செல்ல நேர்ந்தது. ஸ்டேஷன் மாஸ்டர்களிடையே ஏற்பட்ட தவறான புரிதலே அதற்குக் காரணம் என்று கூறப்பட்டது. தெய்வாதீனமாக மோதல் தவிர்க்கப்பட்டது. அதற்குப் பரிகாரமாக அடுத்த மாதம் தெற்கு ரயில்வே என்ன செய்தது? கட்டுப்பாட்டு அறையோடு பேசும் ஸ்டேஷன் மாஸ்டர்கள் இங்கிலீஷிலோ ஹிந்தியிலோ பேச வேண்டும், பிராந்திய மொழியைத் தவிர்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தது! தமிழ்நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பவே அது வாபஸாயிற்று. தமிழ்நாட்டில் ஓடும் ரயிலின் பாதுகாப்புக்குத் தமிழ் இடையூறு என்று கருதும் மனோபாவம் கண்டிக்கத்தக்கது. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாவிட்டால் உயிர் போகும் என்பது உண்மையானால், இங்கு பணிபுரிய வருகிறவர் இந்நாட்டு மொழியைக் கற்றுக்கொள்வதே முறை. அதற்கும் மேலாக, பேச்சு பிசகினாலும் விபத்து நேராதபடி பூட்டு இருப்பதே சரியான பாதுகாப்பு.

நமது தேசத்தில் ரயில் விதிகள் திருந்துவதற்குக் குழந்தைகளின் உயிர் விலையாக வேண்டியிருப்பது பெரிய அவமானம். 2014 ஜூலையில் தெலங்கானாவில் மாசாயிப்பேட்டையில் ஆளில்லாக் கேட்டில் பள்ளி பஸ் மீது ரயில் மோதிப் பல குழந்தைகள் மாண்டனர். 2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தில் குஷிநகரில் 13 குழந்தைகள் மாண்டனர். அதன் பிறகே வேகம் பிறந்து, 2019 ஜனவரி முடிவுக்குள் அகலப் பாதைகளில் ஆளில்லாக் கேட்டுகள் ஒழிக்கப்பட்டன. நெடுங்காலம் முடியாதென்று சொல்லப்பட்டது சில மாதங்களில் முடிந்தது. ஆகவே குறைவாக இருந்தது சக்தியன்று. சங்கற்பமே என்பது வெளிப்படை.

அயல்நாட்டு உதாரணம் ஒன்றும் உண்டு. 1889 ஜூன் 12-ஆம் தேதி அயர்லாந்தில் அர்மா நகருக்கருகே, ஞாயிற்றுப் பள்ளிக் குழந்தைகள் ஏறிச் சென்ற உல்லாச ரயில் விபத்துக்குள்ளாகி 80 பேர் மாண்டனர். அதே வருஷம் ஆகஸ்டு மாதத்துக்குள் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் சட்டம் இயற்றிற்று. ஒரு வண்டி விலகாமல் மறு வண்டியை விடலாகாது, சிக்னலும் பாதை மாற்றும் முளையும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட வேண்டும், வண்டி முழுவதற்கும் தொடர் பிரேக் வேண்டும் என்பவை கட்டாயமாயின. செலவு அதிகம் என்று அதுகாறும் முறையிட்டு வந்த கம்பெனிகள் வாயடங்கிச் செய்து முடித்தன. இலாபத்துக்காக நடந்த அந்தக் கம்பெனிகளையே சட்டம் பணிய வைத்தது. ஜனங்களின் சொத்தாகிய நமது ரயில்வேயை ஜனங்களின் பிரதிநிதிகள் பணிய வைக்க முடியாதா?

இந்தியாவில் ஆள் காவலுள்ள கேட்டுகள் சுமார் 17,000. அவற்றில் 11,000-க்கு மேற்பட்டவை 2025-லேயே இன்டர்லாக்கிங் பெற்றிருந்தன. ஆகவே எஞ்சிய வேலை மலைபோன்றதன்று.

நமது கோரிக்கைகள் இவை. முதலாவது, அலகுக் கணக்கு எதுவாயினும் எல்லாக் கேட்டுகளுக்கும் இன்டர்லாக்கிங் என்ற கொள்கையை ஏற்று, ஒவ்வொரு கேட்டுக்கும் முடிவு தேதியைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். இரண்டாவது, பூட்டு வரும்வரை, கேட் திறந்திருப்பதைக் கண்டால் நிறுத்தக்கூடிய வேகத்திலேயே அத்தகைய கேட்டுகளை ரயில்கள் கடக்க வேண்டும். சில நிமிஷத் தாமதத்தை ஜனங்கள் மன்னிப்பார்கள். மூன்றாவது, சில கேட்டுகளில் 12 மணி நேரம் வேலை வாங்கும் ஏற்பாட்டை ஒழித்து, எங்கும் 8 மணி என்று ஆக்க வேண்டும். விழித்திருக்க முடியாதவனிடம் விழிப்பை எதிர்பார்ப்பது நியாயமன்று. நான்காவது, விபத்து விசாரணை அறிக்கைகளை முழுமையாக வெளியிட வேண்டும். ரயில்வே பாதுகாப்புக் கமிஷனரை ரயில்வே போர்டிலிருந்து பிரித்து வேறு இலாகாவில் வைத்தது 1941-லேயே நடந்தது. 2012-ல் டாக்டர் அனில் ககோட்கர் தலைமையிலான குழு, சட்டபூர்வமான பாதுகாப்பு அதிகார சபை ஒன்று வேண்டுமென்று சிபாரிசு செய்தது. அந்தச் சிபாரிசு நிறைவேற வேண்டும்.

ராஜ்ய சர்க்காருக்கும் பொறுப்பு உண்டு. செம்மங்குப்பத்தில் முழுச் செலவையும் ஏற்றுச் சுரங்கப் பாதை அமைக்கத் தாங்கள் தயாராயிருந்தும், ஜில்லா நிர்வாகம் ஒரு வருஷமாக அனுமதி தரவில்லை என்று தெற்கு ரயில்வே குற்றஞ்சாட்டியது. அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் முன்வரவில்லை. இரு சர்க்கார்களும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் காலத்தில் ரயில்கள் நின்றிருக்கவில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். மழைக்காலத்தில் சுரங்கப் பாதைகளில் தண்ணீர் தேங்குகிறது, கதிர் வண்டியும் அறுவடை இயந்திரமும் போக முடியவில்லை என்று விவசாயிகள் ஆட்சேபிப்பதிலும் நியாயம் உண்டு. தண்ணீர் வடிய வழி செய்து, போதிய உயரத்தில் கட்டிக் கொடுப்பதே அதற்குப் பதில். ஆட்சேபணையைக் காட்டி வேலையைக் கிடப்பில் போடுவதன்று.

ஜனங்களும் தங்களைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மூடிய கேட்டின் அடியில் சைக்கிளை நுழைப்பதும், திறக்கச் சொல்லிக் கேட் கீப்பரை அதட்டுவதும் நமது ஊர்களில் அன்றாடக் காட்சி. இன்று அவருடைய கடமையைத் தளர்த்தச் சொல்லும் நாம், நாளை அவர் தவறியதாக எப்படிக் குற்றஞ்சாட்டுவது? பள்ளி நிர்வாகிகளும், கேட் திறந்திருந்தாலும் வேனை நிறுத்தி, இருபுறமும் பார்த்த பிறகே கடக்க வேண்டும் என்று டிரைவர்களுக்குக் கண்டிப்பான உத்தரவிட வேண்டும்.

ஊர்தோறும் உள்ள தொண்டர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. கிராம சபைகளிலும், லால்பேட்டை போன்ற பேரூராட்சி மன்றங்களிலும் தீர்மானம் நிறைவேற்றி, தங்கள் பார்லிமெண்ட் அங்கத்தினருக்கு அனுப்பட்டும். விழுப்புரத்திலிருந்து தஞ்சை வரை பூட்டில்லாத கேட்டுகள் எத்தனை, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் பூட்டப்படும் என்ற கேள்வியை அவர் சபையில் கேட்கட்டும். தேதியிட்ட பதில் கிடைக்கும்வரை அந்தக் கேள்வியை விடலாகாது. மாண்ட பிள்ளைகளுக்கு நாம் செய்யக்கூடியது இனி ஒன்றுமில்லை. நாளைக் காலை வேனில் ஏறப் போகும் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியது இருக்கிறது.