பேரக் குழந்தையும் கடல்கடந்த பயணமும்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய இடங்களில் வாழும் முதியோர் பலருடைய மக்கள் இந்நாளில் கடல்கடந்த நாடுகளில் குடியிருக்கின்றனர். நடை பழகும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அத்துணைத் தொலைவு வரல் வேண்டுமோ என்று அம்மக்கள் தயங்குகின்றனர். "குழந்தைக்கு ஒன்றும் நினைவிராது, சற்று வளர்ந்தபின் அழைத்துச் செல்வோம்" என்பர். இக்கூற்றை யாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

இத்தகைய பயணம் நம்மவர்க்குப் புதிதன்று. 1914-ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், எழும்பூரில் புகைவண்டி ஏறித் தாம்பரம் வழியே தனுஷ்கோடி சென்று, ஆங்கிருந்து கப்பலில் தலைமன்னாரை அடைவது பெருவழியாயிற்று. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, இலங்கையில் தொழில் செய்த குடும்பங்கள் கைக்குழந்தைகளுடன் அவ்வழியே வந்து சென்றன. வண்டியும் கப்பலுமாக மாறி ஏறிய அவர்தம் இடரை நோக்க, மீனம்பாக்கத்தில் விமானத்தில் வந்திறங்குவார் இடர் பெரிதன்று.

குழந்தைக்கு நினைவிராது என்பது மெய்யே. ஆயினும் நினைவில் தங்காதன யாவும் வீணாவதில்லை. தாய்ப்பால் உண்டதை நினைவில் வைத்திருப்பார் யார்? மொழியும் அத்தகையதே. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பட்ரீஷியா கூல் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீனமொழியைக் கேட்பித்து, அதன் முடிபை 2003-இல் வெளியிட்டனர். நேரில் ஒருவர் பேசி விளையாடக் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பகுத்துணர்ந்தன. பதிவுசெய்த படத்தில் கண்டவை உணரவில்லை. கைப்பேசித் திரையில் நாடோறும் பாட்டியின் முகத்தைக் காட்டுவது நன்றே; எனினும் அவர் மடியில் அமர்வதற்கு அஃது ஈடாகாது.

"பாட்டியே அங்கு வரலாமே" எனின், அங்கு அவர் விருந்தினர். விடியலில் கோலமிட்டு, கீரைக்காரியிடம் பேரம் பேசி, அண்டை வீட்டார்க்கு யோசனை சொல்லும் பாட்டியைக் குழந்தை காண்பது இங்கேதான்.

இரண்டாண்டு நிரம்பாத குழந்தை பெற்றோர் மடியிலேயே அமர்ந்து செல்லலாம். கட்டணமும் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்களவே. அதன்பின் தனியிருக்கை வேண்டும். விமானம் இறங்குகையில் காற்றழுத்த வேறுபாட்டால் செவி வலிக்கக்கூடும். அப்போது பால் புகட்டினால், விழுங்குந்தோறும் வலி தணியும்.

முதியோர்க்கும் ஒரு விண்ணப்பம். நியூயார்க்கு நகரத்திற்கும் நமக்கும் நேர வேறுபாடு கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி. ஆதலின் குழந்தை சில நாள் நள்ளிரவில் விளையாடி நண்பகலில் உறங்கும். முதல் வாரத்திலேயே சுற்றத்தார் அனைவரையும் அழைத்துக் கூட்டம் கூட்டுதல் வேண்டா. கண்டவுடன் வாரியெடுக்க, அது வீறிட்டழுதால் மனம் நோதலும் வேண்டா. புதுமுகங் கண்டு அஞ்சுதல் அவ்வயதின் இயல்பு. அருகே பொறுத்து அமர்ந்திருந்தால் தானே வந்து மடியேறும்.

குழந்தை வளரட்டும் என்று காத்திருப்போர் ஒன்றை மறக்கின்றனர். அவ்வாண்டுகளில் பாட்டனுக்கும் பாட்டிக்கும் அகவை ஏறுகின்றது. இயன்றவர்கள் இப்பயணத்தைத் தள்ளிவையாது, குழந்தை மழலை பேசும் பருவத்திலேயே வந்து செல்லல் வேண்டும் என்பதே எமது துணிபு.