பழைய பிக்கப், பெரிய எஞ்சின்: ‘அடிப்படைப் பண்பு’ என்று எதைச் சொல்கிறோம்?

பழைய பிக்கப் வண்டியின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரிய எஞ்சினைப் பொருத்துவதைக் கல்விப்புலத்தார் பலர் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகின்றனர். ஆனால் பொறியியலும் சட்டமும் பொருண்மையியலும் சந்திக்கும் ஒரு கேள்வி அதற்குள் இருக்கிறது. ஒரு பொருளில் எதை மாற்றினால் அது வேறொரு பொருளாகிறது? இக்கேள்விக்கு இந்தியச் சட்டம் தரும் விடை போதாது என்பதும், அப்போதாமையின் விலையைச் சாலையில் செல்வோர் அனைவரும் தருகின்றனர் என்பதும் என் கருத்து.

முதலில் வேலையின் தன்மையைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1947-இல் வெளிவந்த செவர்லே பிக்கப்பின் ஆறு சிலிண்டர் எஞ்சின் 216 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 3.5 லிட்டர் கொள்ளளவு கொண்டது. திறன் சுமார் 90 குதிரைத்திறன். இன்று அவ்வண்டிகளில் பரவலாகப் பொருத்தப்படுவது ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ். குடும்பத்து வி-8 எஞ்சின். 1997-இல் கார்வெட் காரில் அறிமுகமான இக்குடும்பத்தின் 5.3 லிட்டர் வகை, 1999-ஆம் ஆண்டுப் பிக்கப்புகளில் ஏறத்தாழ 270 குதிரைத்திறன் தந்தது. திறன் மூன்று மடங்காகிறது. வண்டியின் மற்ற உறுப்புகளோ 1947-இலேயே நிற்கின்றன. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். மின்னமைப்பு 6 வோல்ட். புதிய எஞ்சினின் கணினிக்கும் எரிபொருள் பம்புக்கும் 12 வோல்ட் வேண்டும். பின்னச்சுக்குச் செல்லும் தண்டு மூடிய குழாய்க்குள் சுழல்வது. அது புதிய கியர்பெட்டியோடு எளிதில் இணையாது என்பதால் பெரும்பாலும் பின்னச்சையே மாற்ற நேர்கிறது. ரேடியேட்டர், ஸ்டீயரிங், எஞ்சின் தாங்கிகள் என்று வரிசை நீள்கிறது.

மொழியியல் பயின்றவர்களுக்கு இது பழக்கமான நிலைமை. ‘ஓடு’ என்னும் வினைக்கு எழுவாய் ஒன்றே போதும்: வண்டி ஓடியது. அவ்விடத்தில் ‘ஓட்டு’ என்னும் வினையை வைத்தால் செயப்படுபொருளும் அதற்குரிய வேற்றுமை உருபும் வேண்டும்: ஓட்டுநர் வண்டியை ஓட்டினார். வினையை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே விட்டால் வாக்கியம் குலைகிறது. எஞ்சினும் அத்தகைய தலைமை உறுப்பு. மற்ற உறுப்புகள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை அது விதிக்கிறது. வாக்கியம் சரியா என்று அறிய நாம் வினை பழையதா புதியதா என்று கேட்பதில்லை, உறுப்புகள் இயைகின்றனவா என்றே கேட்கிறோம். வாகனத்திடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

இந்தியாவில் இப்பழக்கம் புதிதன்று. மகிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பொருத்தி விற்கத் தொடங்கியது. பெட்ரோல் எஞ்சினுடன் வந்த பழைய ஜீப்புகள் பலவற்றில் பின்னாளில் டீசல் எஞ்சின் ஏறியது. எரிபொருள் செலவே அதற்குக் காரணம். ஹரியானாவின் மண்டி டப்வாலி, ஜீப் மாற்றியமைக்கும் பட்டறைகளுக்கென்றே பெயர்பெற்ற ஊர். தேவையும் கைத்திறனும் சட்டத்துக்கு முன்பே சென்றுவிட்டன.

சட்டம் சொல்வது என்ன? மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் உரிமையாளர் தம் வாகனத்தை மாற்றக் கூடாது. அடிப்படைப் பண்பு வேறுபடும்படி கட்டமைப்பில் செய்யும் மாற்றமே ‘மாற்றுதல்’ என்று அப்பிரிவின் விளக்கம் கூறுகிறது; அடிப்படைப் பண்பு எது என்பதை அது கூறவில்லை. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், உற்பத்தியாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்ற இயலாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, இத்தகைய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கிறது.

ஆனால் அதே 52-ஆம் பிரிவு ஒரு விதிவிலக்கையும் தருகிறது. வேறு எரிபொருளுக்கோ மின்கலத்துக்கோ மாறுவதற்கு அங்கீகரிக்கப்பட்ட கருவித்தொகுதியைப் பொருத்தலாம். மின்மோட்டாருக்கு மாறும் பழைய வாகனங்களைச் சோதிக்க ஏ.ஐ.எஸ்.-123 என்ற தரநிலையே இருக்கிறது. எஞ்சினை முற்றிலும் அகற்றி மின்மோட்டார் வைத்தால் சோதித்து ஏற்க வழி உண்டு. பெட்ரோல் எஞ்சினுக்குப் பதிலாகப் பெரிய பெட்ரோல் எஞ்சின் வைக்கும் தனி உரிமையாளருக்கு அதற்கிணையான வழி இல்லை. ஆகவே, அடிப்படைப் பண்பு என்பது வாகனத்திற்குள் உறையும் இயல்பு என்ற வாதம் சட்டத்திற்குள்ளேயே நிலைக்கவில்லை. அரசு எதைச் சோதிக்க ஆயத்தமாக இருக்கிறதோ அது மாற்றத்தக்கதாகிறது, எஞ்சியது குற்றமாகிறது.

பிற நாடுகள் இக்கேள்வியை வேறு வகையில் அணுகியுள்ளன. பிரிட்டன் பல ஆண்டுகள் பின்பற்றிய முறையில், பெரிதும் மாற்றப்பட்ட வாகனம் தன் பழைய பதிவைத் தக்கவைக்க 8 புள்ளிகள் பெற வேண்டும்: மூல அடிச்சட்டத்துக்கு 5, சஸ்பென்ஷன், அச்சுகள், கியர்பெட்டி, ஸ்டீயரிங் ஆகியவற்றுக்குத் தலா 2, எஞ்சினுக்கு 1 மட்டுமே. ஆஸ்திரேலியாவில் வாகன எடைக்கேற்ப எஞ்சின் கொள்ளளவுக்கு வரம்பு உண்டு. பெரிய மாற்றங்களுக்குப் பொறியாளரின் சான்று வேண்டும். கலிஃபோர்னியாவில், புகைச் சோதனைக்கு உட்பட்ட வாகனத்தில் பொருத்தப்படும் எஞ்சின் வண்டியின் ஆண்டினதாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும். அதன் புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகளும் உடன்வர வேண்டும். மூன்றும் வேறுபட்ட முறைகள். எனினும் மூன்றுமே எதை, எந்த அளவுக்கு மாற்றலாம் என்பதை எண்ணியோ அளந்தோ சொல்ல முயல்கின்றன.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். நம் நாட்டில் தகுதிச் சான்று எவ்வளவு அக்கறையுடன் வழங்கப்படுகிறது என்பது ஊரறிந்தது. அந்நிலையில் எஞ்சின் மாற்றத்துக்கு வழி திறந்தால் அது கையூட்டுக்கே வழியாகும் என்பர். அச்சம் நியாயமானது. ஆனால் ஆய்வே சரியாக நடக்காத இடத்தில் தடையை மட்டும் யார் நடைமுறைப்படுத்துவது? பிரேக்கையும் பின்னச்சையும் முறையாக மாற்றிய வண்டியும், எஞ்சினை மட்டும் திணித்த வண்டியும் தடையின் கண்ணுக்கு ஒன்றே. இரண்டும் ஒளிகின்றன. அக்கறையோடு உழைத்த மெக்கானிக் தம் வேலையைச் சான்றுடன் காட்ட இயலாது. அக்கறையற்றவர் அகப்படுவதும் இல்லை. விபத்து நேர்ந்தால், பதிவுச் சான்றிதழுக்குப் பொருந்தாத வாகனம் என்ற வாதத்தில் இழப்பீடு சிக்குகிறது. அங்கே நிற்பவர் எஞ்சினை மாற்றியவர் மட்டுமல்லர், அவ்வண்டியால் அடிபட்டவரும்தான்.

எனவே என் முன்மொழிவு இது: மின்மாற்றத்துக்கு இருப்பது போன்ற தனிச்சோதனை வழி, எரிபொருள் எஞ்சின் மாற்றத்துக்கும் வேண்டும். அடிச்சட்டம், பிரேக், அச்சு, குளிர்விப்பு, புகை ஆகியவற்றை அளந்து, தேறினால் புதிய விவரங்களைச் சான்றிதழில் எழுத வேண்டும். தேறாவிட்டால் சாலையிலிருந்து அகற்ற வேண்டும். பிரேக்கை அளக்கும் தானியங்கிச் சோதனை நிலையங்கள் இப்போது பல மாநிலங்களில் வந்துகொண்டிருக்கின்றன. அவ்வழி திறக்கும்வரை பொதுச்சாலையில் இத்தகைய வண்டிகளை ஓட்டுவதை நான் ஆதரிக்கவில்லை.

சட்டம் பயில்வோரும் தானியங்கிப் பொறியியல் நண்பர்களும் இதில் எங்கே மாறுபடுகிறீர்கள் என்று எழுதுங்கள். குறிப்பாக, ‘அடிப்படைப் பண்பு’ என்ற தொடருக்கு ஒரு வரையறை எழுத வேண்டியிருந்தால் நீங்கள் எதை எழுதுவீர்கள்?